பெயர் தெரியாத புழுவா? முதலில் செடியைப் பாருங்கள்

‘இது என்ன புழு?’ என்று கேட்டு அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலும் புழு மட்டும்தான் இருக்கும். காகிதத்தின் மேலோ, முறத்திலோ, சிமென்ட் தரையிலோ கிடக்கும். எந்தச் செடியில் இருந்தது என்று திருப்பிக் கேட்டால், ‘அதைப் பார்க்கவில்லையே, எடுத்துப் போட்டுவிட்டேன்’ என்று பதில் வரும். அடையாளம் காணும் வேலை அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது.

காரணம் எளிது. தாய்ப்பூச்சி கண்ட இலையில் எல்லாம் முட்டையிடுவதில்லை. வண்ணத்துப்பூச்சிகள் இலையின் மேல் இறங்கி, முன்காலால் தட்டித் தட்டி அதன் சுவையை அறிந்த பிறகே முட்டை வைக்கின்றன. பல இனங்களின் புழுக்கள் ஒரே செடியையோ, ஒரே குடும்பத்துச் செடிகளையோதான் தின்னும். நிறமோ நம்ப முடியாதது. ஒரே புழு தோல் உரிக்க உரிக்க வேறு வேறு வேஷம் போடும். ஆகவே செடி முதலில், உருவம் பிறகு.

செடி தெரிந்ததும் உடம்பைப் பாருங்கள். ரோமமா, முள்ளா, வாலில் கொம்பா, மெல்லிய இழைகளா, ஒன்றுமில்லாத வழுவழுப்பா? அடுத்தது கால்கள். இதற்குப் பக்கவாட்டில் இருந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். தலைக்குப் பின்னால் மூன்று இணை உண்மையான கால்கள் இருக்கும். அதற்குப் பின் வயிற்றுப் பகுதியில் சதைப்பிடிப்பான பொய்க்கால்கள் இருக்கும். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு இந்தப் பொய்க்கால்கள், கடைசி இணையையும் சேர்த்து, ஐந்து இணைக்கு மேல் இருக்காது. இந்த எண்ணிக்கை பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும்.

இனி, என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம், ஆனால் அசைகிறது

தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகிய நான்கில் எதில் கண்டாலும் சந்தேகம் வேண்டாம். எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு, ஈரம் காயாதது போன்ற பளபளப்பு. இலையின் மேற்பரப்பில் ஒளியாமல் உட்கார்ந்திருக்கும். பறவை தன் எச்சத்தையே கொத்துமா என்ன?

இரண்டு வாரத்தில் அதே செடியில் பச்சை நிறத்தில் தடித்த புழு ஒன்றைக் கண்டு, ‘இது வேறு இனம்’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை, அதே புழுதான். கடைசி முறை தோல் உரித்ததும் எச்ச வேஷம் கலைந்து பச்சையாகிவிடுகிறது. பக்கவாட்டில் சாய்வான பழுப்புப் பட்டை ஓடும். முன்பகுதி புடைத்து, அதில் கண் போன்ற குறிகள் தெரியும். அவை கண்கள் இல்லை. உண்மையான தலை சிறியது, கீழே மடங்கி இருக்கும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. ஈர்க்குச்சியால் முதுகை மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ கவட்டை போல இரு கிளை உறுப்பு ஒன்று வெளியே நீளும். கூடவே ஒரு காட்டமான நாற்றம் வரும். சில நொடிகளில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தக் கவட்டை உறுப்பு இருந்தால் அது அழகிக் குடும்பம்தான். உங்களைக் கடிக்காது, கொட்டாது, அரிப்பும் தராது. நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் முன்பகுதி புடைத்த பச்சைப் புழு இருந்து, அதுவும் இப்படிக் கவட்டை நீட்டினால், அதே குடும்பத்தைச் சேர்ந்த டெயில்ட் ஜே.

எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று புழு நிலையில் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். பூச்சி வெளிவரும்வரை பொறுத்தால் கேள்வியே இல்லை. பின்சிறகில் வால் இல்லாமல், கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நிறைந்து, சிறகின் கீழ்முனையில் சிவப்புப் பொட்டு இருந்தால் எலுமிச்சை அழகி. வாலோடு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஒரு பட்டை போல ஓடினால் கறிவேப்பிலை அழகி ஆண்.

வளர்ந்த கறிவேப்பிலை மரத்தில் பத்துப் புழு இருந்தாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டடிச் செடி என்றால் மொட்டையாகிவிடும் என்பது உண்மை. அப்போது புழுக்களை இலையோடு கிள்ளிப் பெரிய மரத்துக்கு மாற்றிவிடுங்கள். குழம்பில் தாளித்துப் போடும் இலைக்கு விஷம் தெளிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அரளியில், எருக்கில் விரல் தடிமனாக ஒன்று

பால் வடியும் செடிகளில் காணும் புழுக்களைப் பிரிப்பது, பார்வைக்கு மிரட்டலாக இருந்தாலும், உண்மையில் சுலபம். வாலில் கொம்பா, முதுகில் இழைகளா என்று மட்டும் பாருங்கள்.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் பச்சை நிறத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்த புழு, வாலில் குட்டையான ஒரு கொம்பு, தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பெரிய நீலக் கண்பொட்டுகள் என்றால் அது அரளிப் பருந்து அந்துப்பூச்சி. தொந்தரவு செய்தால் தலையை உள்ளிழுத்து அந்த நீலப் பொட்டுகளைப் புடைத்துக் காட்டும். வால் கொம்பு குத்தாது. ஆனாலும் கொம்பைக் கண்டதும் ‘பாம்புப் புழு, விஷம்’ என்று அடித்துக் கொல்கிறார்கள்.

அதே அரளியில் பழுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட உடம்பில், நான்கு இணை நீண்ட கரிய இழைகள் இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சி. நன்னாரியிலும் ஆல், அத்தி வகைகளிலும் இதைக் காணலாம். அதன் கூட்டுப்புழு இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கும். கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்தது போல மின்னும். முகம் பார்க்கலாம் என்று சொன்னால் மிகையில்லை.

எருக்கில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்கள் மாறி மாறி வரும் புழுவுக்கு மூன்று இணை இழைகள். இது வெந்தய வரியன். இதே சாயலில் இரண்டே இணை இழையோடு கண்டால் நீலப்புலி எனப்படும் வகை. ஆக, இழைகளை எண்ணிவிட்டால் வேலை முடிந்தது: இரண்டு, மூன்று, நான்கு. இந்த மூன்றும் வெளிப்படையாக உட்கார்ந்து தின்னும், ஒளிவதில்லை. செடியின் நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் ஒதுங்கிப்போகும். மாநில மலரான செங்காந்தளில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகளோடு ஒரு புழு மொய்க்குமே, அதுவும் இதே தைரியத்தில்தான். அது லில்லிகளையும் விடாத ஓர் அந்துப்பூச்சி. அழகுக்காக வைத்த செங்காந்தளைச் சில நாளில் தண்டு மட்டும் மிச்சமாக்கும் என்பதால், இதைக் குச்சியால் பொறுக்கி அகற்றச் சொல்வேன்.

அரளி, எருக்கின் பால் கண்ணில் படக்கூடாது. அந்தச் செடிகளைப் புரட்டிப் பார்த்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உடம்பெல்லாம் ரோமம்

இங்கே ஒரே விதி: பெயர் தெரியும்வரை தொடக்கூடாது.

முருங்கை மரத்தின் அடித்தண்டில் பகலில் கூட்டமாக அப்பிக்கொண்டு, பழுப்பு உடம்பில் வெண்மையான நீண்ட ரோமத்தோடு இருப்பவை முருங்கைக் கம்பளிப்பூச்சிகள். இவை இலையைத் தின்பதோடு பட்டையையும் சுரண்டும். கனத்த மழைக்குப் பிறகு தாய் அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பி வரும். அடுத்து புழுக்கூட்டம் வரும். அதனால்தான் ஊரில் ‘மழை பெய்தால் முருங்கைப் பக்கம் போகாதே’ என்பார்கள். தீப்பந்தத்தால் கூட்டத்தைப் பொசுக்குவது பழைய வழக்கம். வயல்வெளி மரத்துக்கு அது சரி. கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் நிற்கும் வீட்டு மரத்துக்குப் பொருந்தாது, பட்டையும் வெந்துபோகும். மீனெண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் கூட்டத்தின் மேல் நனையத் தெளித்தால் போதும். ரோமம் காற்றில் பறக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

அதே முருங்கையில் ரோமமில்லாத சிறு புழுக்கள் இருந்து, இலைகள் சல்லடையாகி, காகிதம்போல் ஒளி ஊடுருவத் தெரிந்தால், அது வேறு: முருங்கை இலைப்புழு. அரிக்காது.

மானாவாரி நிலக்கடலையில், கோடைமழையை அடுத்து, சிவந்த ரோமத்தோடு வரப்பைத் தாண்டி வயல் விட்டு வயல் போகும் கூட்டம் சிவப்புக் கம்பளிப்புழு. ஆமணக்கு, ரோஜா ஆகியவற்றில் தனியாக, முதுகில் பல் துலக்கும் பிரஷ் போலக் கத்தரித்த ரோமக் குஞ்சங்கள் நான்கைந்து நிற்கும் புழு இருந்தால் குஞ்ச அந்துப்பூச்சி வகை. அழகாக இருக்கிறது என்று குழந்தைகள் கைநீட்டுவது இதன் மேல்தான்.

பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். அந்த இடத்தில் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் ரோமங்கள் அதோடு வந்துவிடும். மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் புது டேப். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முள் இருக்கிறது

முள்ளில் மூன்று வகை உண்டு, குழப்பிக்கொள்வது ஆபத்து.

முதலாவது நிஜமாகவே கொட்டுவது. தென்னை, மா, ஆமணக்கு இலைகளின் அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும். கால்களே தெரியாது, நத்தைபோல வழுக்கிக்கொண்டு நகரும். வெளிர்பச்சை உடம்பில் முதுகு நெடுக நீலக் கோடு, ஓரங்களில் முட்குச்சங்கள். இதை நத்தைப்புழு என்பார்கள். தென்னோலை கழிக்கும்போது கையில் பட்டால் சுரீரென்று மின்சாரம் தாக்கியது போலிருக்கும். முதலுதவி மேலே சொன்னதுதான்.

இரண்டாவது, முள் கிளைவிட்டு நின்றாலும் கொட்டாதது. ஆமணக்கில் பச்சை உடம்பும் முதுகில் வெளிர் கோடும் கிளைமுட்களும் இருந்தால் ஆமணக்கு வண்ணத்துப்பூச்சி. வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் செம்பழுப்பு உடம்பில் முள்ளோடு பல சேர்ந்து தின்றால் டானி கோஸ்டர். ஆடுதின்னாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும் கரிய உடம்பில் சிவப்பாக நிற்பவை முள்ளே இல்லை, மெத்தென்ற சதைக் குமிழ்கள். நடு உடம்பில் வெள்ளை வளையம் இருந்தால் உரோசா அழகி, இல்லாவிட்டால் சிவப்புடல் அழகி.

மூன்றாவது, புழுவே அல்லாதது. கத்தரி இலை, பாகல் இலை ஆகியவற்றின் அடியில் மஞ்சளாக, முட்டை வடிவில், முட்களோடு இருந்து, பச்சையத்தை வரிவரியாகச் சுரண்டி இலையை வலைபோல் ஆக்கினால், அது புள்ளி வண்டின் குஞ்சு. மூன்று இணைக் கால்கள் மட்டுமே இருக்கும், பொய்க்கால் கிடையாது. பக்கத்து இலைகளில் புள்ளிகள் போட்ட செம்பழுப்பு வண்டும் இருக்கும்.

இலையில் ஓட்டை, புழுவைக் காணோம்

முதலில் கீழே கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். மிளகு அளவில் பள்ளம் விழுந்த உருண்டைகள் தொட்டியைச் சுற்றிச் சிதறியிருந்தால் பருந்து அந்துப்பூச்சியின் புழு அதற்கு நேர் மேலே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது நிறத்தால்தான். பளபளக்கும் சளித்தடம் இருந்தால் நத்தை, புழுவைத் தேட வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு ஒருமுறை பாருங்கள். புகையிலை வெட்டுப்புழு பகலில் தொட்டி மண்ணிலும் சருகின் அடியிலும் பதுங்கி, இருட்டியதும் ஏறும். இதன் தொடக்கம் வேறு மாதிரி. இலையடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் இருக்கும். அதிலிருந்து வந்த குஞ்சுகள் ஒரே இலையைக் கூட்டமாகச் சுரண்டி வெளுக்க வைக்கும். அந்த இலையை அன்றே கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் நூற்றுக்கணக்கில் ஒழியும். சிதறியபிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திரிய வேண்டியதுதான்.

தக்காளிக் காயில் வட்டமான துளை, அதில் தலை உள்ளே, உடம்பு பாதி வெளியே என்றால் காய்ப்புழு. பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என எந்த நிறத்திலும் வரும். கத்தரியின் நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால், வாடிய இடத்துக்குக் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள். உள்ளே தண்டுதுளைப்பான் இருக்கும். கீரையில் இலைகள் நூலால் பின்னியிருந்தால் கூடுகட்டிப் புழு. மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் குவிந்து, புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும் வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால், 2018இல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு அதே ஆண்டு இங்கும் வந்த படைப்புழு.

கண்ணெதிரே இருந்தும் காணாமல் போகும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாவிலையின் நடுநரம்பு கொஞ்சம் அகலமாக இருப்பதாகத் தோன்றினால், முகத்தை நெருக்கி வையுங்கள். பச்சைப் புழு ஒன்று நரம்போடு நரம்பாக நீளவாக்கில் படுத்திருக்கும். முதுகில் ஓடும் வெளிர் கோடு நரம்பின் மேல் சரியாகப் பொருந்தும். இருபுறமும் இறகு போல விரிந்த கிளைமுட்கள் இலையின் மேல் படிந்து உடம்பின் நிழலே விழாமல் மறைத்துவிடும். இது ஆங்கிலத்தில் பேரன் (Baron) எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழு. முந்திரியிலும் இருக்கும். மா மரத்துக்கு இதனால் கேடு என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை.

இலைக்குள் வளைந்து வளைந்து கோடு

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக்கோடு என்றால் உள்ளே இருப்பது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. தக்காளி, அவரை இலையில் அதே மாதிரிக் கோடு என்றால் பெரும்பாலும் ஈயின் புழு, கால் இருக்காது. ரணகள்ளியின் தடித்த இலைக்குள் புகுந்து சதையைத் தின்று, தோலை மட்டும் விட்டுவைப்பது ரெட் பியரோ என்ற சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நகர்வது தெரியும்.

அசுவினி, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு புழு

கையை எடுங்கள், அது உங்கள் ஆள். அசுவினிக்கு நடுவே காலில்லாமல், ஒரு முனை கூர்ந்து துழாவிக்கொண்டிருப்பது மலர் ஈயின் புழு, அசுவினியைத்தான் தின்கிறது. செம்பருத்தியிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றின் வெண்மாவையே மேலே பூசிக்கொண்டு நத்தைபோல் நகர்வது இன்னும் அபூர்வம். வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருந்தும் இலையைத் தொடாமல் மாவுப்பூச்சியையே தின்னும் ஏப்ஃபிளை அது. கூட்டுப்புழுவைப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கிவிடும். அசல் குரங்கு முகம், கண், மூக்கு உட்பட! மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் அவசரத்தில் முதலில் சாவது இதுதான்.

செடியே இல்லாத இடத்தில் நடந்து போகிறது

சுவரில், படிக்கட்டில், செருப்பு ரேக்கில் விறுவிறுவென்று நடக்கும் பெரிய புழு பெரும்பாலும் தின்று முடித்து, கூடுகட்ட இடம் தேடுகிறது. இப்போது நிறத்தை நம்பவே கூடாது. அரளிப் பருந்துப் புழு இந்தக் கட்டத்தில் பச்சை மாறிப் பழுப்பேறிவிடும். கொம்பு, இழை, முள், ரோமம் என்ற அடையாளங்களை வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள செடிகளில் கடித்த இலை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நந்தியாவட்டையின் கிளை ஒன்று மொட்டையாக நின்றால் கணக்கு நேராகிவிடும். அதைத் திரும்பச் செடியில் விட்டால் மறுபடி இறங்கும். மண் நிறைந்த தொட்டியில் விடுவதுதான் உபகாரம்.

மருந்து அடித்தும் சாகவில்லை

பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்தைத் தெளித்தும் முள்ளங்கி, கடுகு இலைகளில் கரும்பச்சைப் புழுக்கள் நலமாக இருக்கின்றனவா? பொய்க்கால்களை எண்ணுங்கள். ஐந்துக்குப் பதில் எட்டு இணை இருந்து, தொட்டதும் சுருண்டு கீழே விழுந்து செத்ததுபோல் நடித்தால், அது ரம்ப ஈ எனப்படும் குளவி வகையின் புழு. கடையில் கிடைக்கும் வழக்கமான பி.டி. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலைத் தாக்குவது. இதற்கும், கத்தரியின் வண்டுக் குஞ்சுக்கும் பலிக்காது. காலையிலும் மாலையிலும் கையால் பொறுக்குங்கள்.

புழு சரிதான், மருந்தும் சரிதான் என்றால் அது காய்க்குள்ளோ தண்டுக்குள்ளோ இருக்கிறது. தெளிப்பு அங்கே போய்ச் சேராது. துளைபட்டதை வெட்டி அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை.

வளர்த்துப் பார்க்கிறேன், ஏதோ தவறாகப் போகிறது

பெயர் பிடிபடாதபோது வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி. வாயில் துணி கட்டிய பாட்டில், கண்ட அதே செடியின் இலை, தினமும் எச்சத்தைக் கொட்டிச் சுத்தம் செய்வது, இவ்வளவே தேவை. வேறு இலையைக் கொடுத்தால் பல புழுக்கள் தின்னாமல் பட்டினி கிடந்து சாகும். உள்ளே தண்ணீர் தெளிக்க வேண்டாம்; பூஞ்சை பிடிக்கும்.

ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் அசையாமல் இருந்தால் தோல் உரிக்கப்போகிறது. தொடாமல் விடுங்கள். பாட்டிலின் அடியையே சுற்றிச் சுற்றி வந்தால், அது மண்ணுக்குள் கூடுகட்டும் அந்துப்பூச்சி. மூன்று விரல் உயரத்துக்கு ஈரமண் போடுங்கள். தலைகீழாகத் தொங்கி, உடம்பு கறுத்து, தோல் கிழிந்து நீராக ஒழுகினால் வைரஸ் நோய். பாட்டிலோடு வெந்நீரில் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள் அல்ல. உடம்புக்குள் வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள் அவை. அந்தப் புழு இனி வண்ணத்துப்பூச்சி ஆகாது. காய்கறித் தோட்டத்தில் பிடித்த புழுவானால் பாட்டிலைத் தோட்டத்திலேயே நிழலில் திறந்து வையுங்கள். வெளிவரும் குளவிகள் எறும்பளவே இருக்கும், மனிதரைக் கொட்டாது, அடுத்த புழுவைத் தேடிக்கொண்டு அவையே போய்விடும்.